முகப்பை வரைந்தவருக்குப் பொறுப்பு இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயரமான கட்டடங்களின் முகப்பு பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரை, கிளாடிங் (வெளிச்சுவர் மேல் தகடு போர்த்துவது) வெறும் அலங்கார வேலை, அதற்குத் தகடு மாட்டும் ஒப்பந்ததாரரே பொறுப்பு என்று போகிற போக்கில் சொல்லிவிட்டது. உங்கள் இதழிலா இப்படி என்று மனம் நொந்தது.

லண்டன் கிரென்ஃபெல் கோபுரம் உங்களுக்குத் தெரியாததல்ல. 2017 ஜூனில் அங்கே முகப்புத் தகட்டில் பரவிய தீயில் 72 உயிர்கள் போயின. 2024 செப்டம்பரில் வந்த விசாரணையின் இறுதி அறிக்கை தகடு தயாரித்தவர்களோடு நிற்கவில்லை, புதுப்பிப்பு வேலையின் ஆர்க்கிடெக்டுகளுக்கும் பெரும் பொறுப்பு உண்டு என்றது. மெல்பர்ன் லாக்ரோஸ் கட்டடத்தில் 2014இல் பால்கனி சிகரெட்டால் பிடித்த தீ முகப்புத் தகட்டில் மேலேறியது. 2019இல் தீர்ப்பாயம் இழப்பீட்டைப் பிரித்தபோது தீப்பாதுகாப்புப் பொறியாளருக்கு 39 சதவீதம், அனுமதி கொடுத்த சர்வேயருக்கு 33, ஆர்க்கிடெக்டுக்கு 25. சிகரெட் பிடித்தவருக்கு வெறும் 3.

நான் தகடு மாட்டும் பக்கம் வேலை பார்த்தவன். ஆர்க்கிடெக்டிடமிருந்து எங்களுக்கு வரும் வரைபடத்தில் நிறம், பளபளப்பு, ஜாயின்ட் அகலம் எல்லாம் மில்லிமீட்டர் சுத்தமாக இருக்கும். தகட்டைச் சுவரோடு பிடிக்கும் பிராக்கெட் எவ்வளவு காற்றழுத்தம் தாங்க வேண்டும், தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே தீ ஏறாமல் எந்தெந்த மாடியில் தடுக்க வேண்டும் என்பது மட்டும் இருக்காது. ஒப்பந்ததாரர் வடிவமைத்துக்கொள்ளவும் என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. சரி என்று நாங்களே ஷாப் டிராயிங் (செய்து மாட்டுவதற்கான விவர வரைபடம்) போட்டு ஆர்க்கிடெக்டுக்கு அனுப்பினால், பார்த்தோம், பொறுப்பேற்கவில்லை என்ற பொருளில் ஒரு முத்திரையோடு திரும்பி வரும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கேட்டால் தூணும் உத்தரமும்தான் தன் வேலை என்பார். அப்புறம் செலவைக் குறைக்கத் தகட்டை மாற்றச் சொல்வார்கள். வெளியே அதே நிறம், உள்ளே எரியும் பிளாஸ்டிக். ஒரு கட்டடத்தில் அப்படிச் சொன்னபோது எழுத்தில் கேட்டேன். எழுத்து வரவில்லை. என்னைத்தான் அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அட்டையில் படம் போட்டால் ஆர்க்கிடெக்டின் பெயரைப் பெரிதாகப் போடுகிறீர்கள். தகடு கழன்று விழுந்தாலோ பழி சைட்டில் இருந்தவர்கள் மேல்தான். இதைப் பற்றி முன்பும் எழுதினேன். இடமில்லை என்றாவது ஒரு பதில் போட்டிருக்கலாம், ஐயா.

இனி எந்தக் கட்டடத்தைப் பற்றி எழுதினாலும், கிளாடிங் வடிவமைப்புக்குக் கையெழுத்திட்டவர் யார் என்று ஆர்க்கிடெக்ட் பெயருக்குக் கீழே ஒரு வரி சேருங்கள். யாருமே கையெழுத்திடவில்லை என்றால் அதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற முகப்பு வேலை மேற்பார்வையாளர்