கோலம் போச்சு, வாளி இருக்கு

ஏட்டி சொர்ணம்,

மூன்று மாசமா ஒரு வரி போடவில்லை, திட்டிக்கொண்டுதான் இருப்பாய். வலது கையில் மாவுக்கட்டு இருந்தது. குறுக்குத்துறைப் படியில் பாசி வழுக்கிக் கையை ஊன்றினேன், மணிக்கட்டு முறிந்துவிட்டது. சும்மா விழுந்ததற்கே எலும்பு போகிறதே என்று டாக்டர் எலும்பின் அடர்த்தி பார்க்கிற டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இடுப்பு எலும்புக்கு மார்க் மைனஸ் 2.8. மைனஸ் 2.5 வந்தாலே எலும்புப்புரையாம். கணக்குப் பரீட்சையில்கூட நான் இவ்வளவு கீழே போனதில்லை, அது உன் பேட்டை.

அன்றிலிருந்து வீட்டில் என்னை அப்பளக்கட்டு மாதிரி வைத்திருந்தார்கள். குடத்தைத் தொடாதே, மாடி ஏறாதே. மருமகள் நல்ல பிள்ளைதான், ஆனால் "அத்தை, உக்காருங்க" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. உட்கார்ந்தே கிடந்ததில் கை ஊன்றாமல் நாற்காலியைவிட்டு எழ முடியவில்லை.

அப்புறம் பாளையங்கோட்டையில் ஒரு பிசியோ பிள்ளையிடம் போனேன். சின்னப் பிள்ளை, வாய் மட்டும் நம்ம பெரிய டீச்சர் வாய். உடம்புப் பாரத்தை எலும்பு தாங்கினால்தான் அதற்குத் தெம்பு, முடங்கிக் கிடந்தால் இன்னும் மெலியும் என்று மகனை வைத்துக்கொண்டே சொன்னாள். ஆற்றில் நீந்துகிறேனே என்றேன். தண்ணீர் உங்களைத் தாங்கிவிடுகிறதே, எலும்புக்கு அதில் என்ன வேலை என்கிறாள்! குனிந்து கோலம் போட்டுக் காட்டினேன், பதறிவிட்டாள். முதுகை வளைத்து, அந்தக் குனிந்த வாக்கிலேயே இடுப்பைத் திருப்புவதில்தான் முதுகெலும்பு நசுங்குமாம். கோலம் பேத்திக்குப் போயிற்று. வாசல் தெளிப்பது இன்னும் நான்தான், இடுப்புக் குடத்துக்குப் பதிலாகக் கைக்கொன்றாய் இரண்டு அரை வாளி. தோசை வேகும்வரை மேடையைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குகிறேன், தோசைக்குப் பத்துத் தரம். நேற்று எண்ணிக்கை தப்பி ஒன்று கருகிவிட்டது.

ராத்திரிதான் அம்மா ஞாபகம் வருகிறது. உறியை அண்ணாந்து பார்க்காமல் எடுத்தவள், கடைசியில் என் தோள் உயரம்கூட இல்லை. வயசு என்று விட்டுவிட்டோம். வலிக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை சொர்ணம்.

உனக்கு மாதவிலக்கு 43-லேயே நின்றுவிட்டது. சீக்கிரம் நின்றவர்களுக்கு எலும்பும் முந்தியே கரையுமாம். அடம் பிடிக்காமல் போய் ஸ்கேன் எடு.

ஆனித் தேருக்கு வந்துவிடு. வடம் இழுக்க வேண்டாம், தொட்டுக் கும்பிட்டுவிட்டு ரத வீதி நாலையும் நடப்போம். அந்த வழவழ செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தால் வாசலிலேயே பிடுங்கித் தூரப் போடுவேன்.

உன்
தங்கம்