ரோபோவுக்கு முன் ஆட்களைப் பயிற்றுங்கள்

ஆசிரியருக்கு,

இதய சத்திரசிகிச்சைக்கு ரோபோ ஒன்றை யாழ்ப்பாணத்துக்கு வாங்கித் தரவேண்டும் என்று வெளிநாட்டு உறவுகள் சிலர் பேசுகிறார்கள். நல்ல மனம்தான். ஆனால் காசு சேர்க்க முன்னர் அது என்ன செய்யும் என்று விளங்கிக்கொள்ள வேண்டும்.

ரோபோ தானாக வெட்டுவதுமில்லை, தைப்பதுமில்லை. சத்திரசிகிச்சை நிபுணர் சற்றுத் தள்ளி அமர்ந்து, பெருப்பித்த முப்பரிமாணப் படத்தைப் பார்த்தபடி கைகளை அசைப்பார். விலா எலும்புகளுக்கு இடையே சிறு துளைகளால் நுழைந்த கருவிகள் அந்த அசைவைச் சிறிதாக்கிச் செய்யும். கை நடுக்கம் கருவிக்குப் போகாது. 1998இலேயே பாரிசில் அலென் கார்ப்பென்டியர் என்ற இதய சத்திரசிகிச்சை நிபுணர் இப்படி மைட்ரல் வால்வை, அதாவது இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு இடையே உள்ள வால்வை, சீர்செய்துவிட்டார்.

நன்மை பெரியது. வழக்கமான முறையில் நெஞ்செலும்பைப் பிளந்தால் அது பொருந்தவே ஆறு, எட்டு வாரம் செல்லும். நான் தாதியாக வைத்தியசாலை விடுதியில் வேலை செய்த காலத்தில், தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமும்படி நோயாளருக்குச் சொல்லிக் கொடுப்போம். வீட்டுக்குப் போனாலும் கிணற்றில் தண்ணீர் அள்ளக்கூடாது, சைக்கிள் ஓடக்கூடாது. கூலி வேலைக்குப் போகிறவர் அத்தனை வாரமும் எதை வைத்துச் சீவிப்பது?

ஆனால் சிறு வெட்டு முறைக்கு ரோபோ கட்டாயமில்லை. வலப்பக்க விலாக்களுக்கு இடையே சிறு வெட்டுப் போட்டு, கமராவும் நீண்ட கருவிகளும் கொண்டு வால்வைச் சீர்செய்வது பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. இந்த இரண்டில் எந்த முறையானாலும், சிகிச்சை நடக்கும்போது இதயத்தினதும் நுரையீரலினதும் வேலையைச் செய்யும் இதய நுரையீரல் இயந்திரத்தைத் தொடையடி இரத்தக்குழாய் வழியே இணைத்து இயக்கத் தெரிந்தவர் வேண்டும். மயக்க மருந்து வைத்தியர், உணவுக்குழாய் வழியே இதயத்தை ஸ்கான் பார்க்கக்கூடியவர், தீவிர சிகிச்சைத் தாதியர் எல்லோரும் ஒன்றாகப் பழகியிருக்க வேண்டும். திடீரென்று இரத்தம் பெருக்கெடுத்தால் நிமிடக் கணக்கில் நெஞ்சைத் திறக்க வேண்டிவரும். அப்போது காப்பாற்றப்போவது அந்தக் குழுதான்.

ரோபோவின் விலை பெரும்பாலும் பத்து இலட்சம் டொலரைத் தாண்டும். வாங்கியதோடும் முடியாது. கருவிகளைக் குறிப்பிட்ட தடவைகளுக்கு மேல் பாவிக்க முடியாது, வருடாவருடம் பராமரிப்புச் செலவும் உண்டு. அதை யார் கட்டுவது?

ஆகவே உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். முதலில் இங்கே இதயப் பிரிவில் வேலை செய்வோரைக் கேளுங்கள்: யார் யாரை, எங்கே, எத்தனை மாதம் பயிற்சிக்கு அனுப்பவேண்டும் என்று. வைத்தியரை மட்டுமல்ல, தாதியரையும் தொழில்நுட்பவியலாளரையும் சேர்த்து அனுப்புங்கள். அவர்கள் திரும்பி வந்து, ரோபோ வேண்டும் என்று சொன்னால் அப்போது வாங்குங்கள்.

ஓய்வுபெற்ற தாதி,
கொக்குவில்