பனிக்குளம் கட்டிய தலைவர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் கர்லிங் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். இருபது கிலோவுக்குச் சற்றே குறைந்த கல்லைப் பனித்தரையில் வழுக்கி விடுவதையும், முன்னால் இருவர் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடுவதையும் பனியே பார்க்காதவருக்கும் புரியும்படி எழுதியிருந்தார்கள். அந்தக் கல்லைச் செய்ய எடுக்கும் அயில்சா கிரெய்க் தீவின் கிரானைட் வரை சொன்னவர்கள், இந்த ஆட்டத்தை வளர்த்த ஸ்காட்லாந்து ஊர்ச் சங்கங்களை ஒரே வரியில் கடந்துவிட்டார்கள். ஜான் கேர்னி என்ற ஒரு பெயராவது அதில் வந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் எடின்பரோவில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். இங்கே ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளிக்கு ஒன்பது வருடம் செயலாளராக இருந்தேன். ஹால் சாவி, வாடகை, கூட்டக் குறிப்பு, வராதவர்களுக்குப் போன் எல்லாம் என் பொறுப்பு. எந்தச் சங்கத்தின் கதையைப் படித்தாலும் கோப்பை வாங்கியவரை விட்டுவிட்டு, குறிப்புப் புத்தகம் எழுதியவரைத்தான் என் கண் தேடும். கேர்னியை நான் கண்டுபிடித்ததும் அப்படித்தான்.

கேர்னி ஒரு மருத்துவர். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் வேலை பார்த்துவிட்டு, மேற்குக் கரையில் லார்க்ஸ் என்ற ஊரில் வந்து தங்கியவர். விபத்தில் ஒரு கையை இழந்தவர். வீட்டுக்கே 'கர்லிங் ஹால்' என்று பெயர் வைத்திருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

லார்க்ஸ் கடலோர ஊர், குளிர் அவ்வளவு கடுமையாக இருக்காது. ஆழமான ஏரியில் ஆள் நிற்கிற அளவுக்குப் பனி கெட்டிப்பட வேண்டுமென்றால் பல இரவுகள் தொடர்ந்து உறைபனி விழ வேண்டும். அதற்குள் காற்று மாறிவிடும், பனி இளகிவிடும். வருடம் முழுக்கக் காத்திருந்தவர்கள் கல்லைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான். கல் வழுக்க மேற்பரப்பு போதும், ஆழம் எதற்கு என்று கேர்னி யோசித்தார். 1828-இல் களிமண்ணை அடித்து இறுக்கி, மேலே கல் பாவி, அதன்மேல் மெல்லிசாகத் தண்ணீர் விட்டு ஒரு குளம் அமைத்தார். ஒரே ஒரு நல்ல உறைபனி இரவு போதும், காலையில் ஆடலாம். பனி உடைந்தாலும் யாரும் மூழ்கிப்போக மாட்டார்கள். பனி தயாரானதும் வீட்டின் மேல் கொடி ஏற்றுவார். கொடியைப் பார்த்ததும் ஊர் ஆட்டக்காரர்கள் கிளம்பி வந்துவிடுவார்கள். குளம் கட்டும் முறையை 1833-இல் புத்தகமாகவும் போட்டார். செய்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் எழுதி அச்சிட்டு மற்றச் சங்கங்களுக்கும் கொடுத்தாரே, அதற்காகவே அவர் மேல் எனக்கு இவ்வளவு மரியாதை.

1838-இல் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதுவரை ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு விதி. எல்லாச் சங்கங்களும் ஜூன் 20 அன்று எடின்பரோ வாட்டர்லூ ஹோட்டலுக்கு ஆள் அனுப்புங்கள் என்று பெயர் போடாமல் ஒரு விளம்பரம் வந்தது. சுமார் ஒரு டஜன் பேர்தான் வந்தார்கள். கூட்டத்தைக் கூட்டியது யார் என்றே தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சரி, கலைந்துவிடலாம் என்ற நேரத்தில் கேர்னி தன் புத்தகத்தோடு உள்ளே வந்தார். அவர்தான் தலைமை ஏற்றுக் கூட்டத்தை நடத்தி, ஜூலை 25-க்கு இன்னொரு கூட்டமும் குறித்தார். அன்றைக்கு உருவானதுதான் கிராண்ட் கலிடோனியன் கர்லிங் கிளப். முதல் தலைவர் அவரே. பாதி நாற்காலி காலியாகக் கிடக்கும் கூட்டத்தில் குறிப்பு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து பழகியவள் நான். அப்படிப்பட்ட நேரத்தில் ஒருவர் எழுந்து 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். இப்போதும் அந்த ஹோட்டல் இருந்த வாட்டர்லூ பிளேஸ் வழியாகப் பஸ் போகும்போது அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பேன்.

1842-இல் கேர்னி காலமானார். அதே வருடம்தான் ஸ்கோன் அரண்மனைக்கு வந்த விக்டோரியா ராணிக்கு, மான்ஸ்ஃபீல்டு பிரபு மரத்தரையிலேயே கல்லை வழுக்கிக் காட்டினார். அடுத்த வருடம் கிளப்பின் பெயரில் 'ராயல்' சேர்ந்தது. அதைப் பார்க்க கேர்னி இல்லை.

அவருக்கு முன்பே வேலை செய்தவர்களும் உண்டு. எடின்பரோவை ஒட்டிய டடிங்ஸ்டன் சங்கம் 1795-இல் தொடங்கியது. 1804-இல் அவர்கள் எழுதி வைத்த விதிகளே பிற்பாடு எல்லோருக்குமான விதிகளுக்கு அடிப்படை. ஏரிக்கரையில் 1825-இல் அந்தச் சங்கத்துக்காக பிளேஃபேர் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த எண்கோணக் கட்டடம் இன்றும் நிற்கிறது. கீழே கற்களை வைப்பார்கள். மேல் அறை அந்த ஊர்ப் போதகரும் ஓவியருமான ஜான் தாம்சன் படம் வரையும் இடம். அந்த அறைக்கு அவர் 'எடின்பரோ' என்றே பெயர் வைத்திருந்தாராம். யாராவது தேடி வந்தால், 'ஐயா எடின்பரோ போயிருக்கிறார்' என்று வீட்டில் பொய் இல்லாமல் சொல்லிவிடலாம் அல்லவா!

அப்புறம் இன்னொன்று. 1839 முதல் கலிடோனியன் கிளப் ஆண்டு மலர் போட்டு வந்தது. அதில் ஒவ்வொரு ஊர்ச் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், போதகர் பெயரெல்லாம் வரிசையாக அச்சாகியிருக்கும். ஒரு பந்தயத்திலும் ஜெயிக்காத ஊராக இருந்தாலும் செயலாளர் பெயர் இருக்கும். அந்தப் பக்கங்களைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் பள்ளியில் எனக்கு முன் செயலாளராக இருந்தவர்கள் யார் யார் என்று இன்று கேட்டால் இரண்டு பேருக்கு மேல் யாருக்கும் தெரியாது. குறிப்பு நோட்டுகள் வீடு மாறும்போது தொலைந்துவிட்டன.

கர்லிங் பற்றி மீண்டும் எழுதும்போது கேர்னிக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். டடிங்ஸ்டன் கட்டடத்தை என் மகள் எடுத்த படம் இத்துடன் இருக்கிறது. பிப்ரவரியில் எடுத்தது. பின்னால் தெரிவது ஏரி. அன்று உறையவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
எடின்பரோ.