செக்கிங் டேபிளும் நைட் ஷிப்டும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கல்லூரியில் சேர்ந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். உங்கள் கம்பெனியில் நின்றுகொண்டே துணியைச் சோதிக்கும் செக்கிங் பெண்கள் மத்தியானத்துக்கு மேல் கால் வீங்கித் தவிக்கிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய். அதை எழுதவே இந்தக் கடிதம் சரியாகிவிடும்.

முதலில் டேபிளின் உயரத்தைப் பார். சாதாரணக் கைவேலைக்கு முழங்கை மட்டம் சரி. அயர்ன் மாதிரி அழுத்திச் செய்வதற்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். துணியில் ஓட்டையும் எண்ணெய்க் கறையும் தேடுகிறவர்களுக்கு நாலைந்து விரற்கடை மேலே இருந்தால்தான் கழுத்து தொங்காது. குட்டையானவர்களுக்குக் காலடியில் பலகை போடு. அப்புறம், ஆளுக்கொரு உயரமான ஸ்டூல். நின்று வேலை செய்கிறவர்கள் இடையில் உட்கார வசதி வேண்டும் என்று 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே 44-ஆம் பிரிவாக எழுதி வைத்தார்கள். உட்கார்ந்தால் வேலை ஓடாது என்று சூப்பர்வைசர் சொல்வார், நீ விட்டுக்கொடுக்காதே.

இங்கே கோவை கணபதியில் எங்கள் பட்டறையிலும் முன்பு இதே கதைதான். ஃபவுண்டரியிலிருந்து வரும் பம்ப் காஸ்டிங்கை, அதாவது வார்த்த இரும்புப் பாகங்களை, கடையும் லேத் மெஷினுக்குப் பக்கத்தில் தரையிலேயே கொட்டி வைப்போம். ஆபரேட்டர் குனிந்து, தூக்கி, உடம்பைத் திருப்பி, கையை நீட்டி, லேத்தில் பாகத்தைப் பிடித்துச் சுற்றும் சக்கில் மாட்டுவார். நாள் முழுக்க இதே. அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் ஆராயும் நையாஷ் (NIOSH) அமைப்பு வைத்திருக்கும் கணக்கில், எல்லாம் தோதாக அமைந்தாலே தூக்கலாம் என்று சொல்லும் எடை 23 கிலோதான். தோது என்றால் சுமை உடம்பை ஒட்டி, 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், இடுப்பைத் திருப்பக் கூடாது. தரையிலிருந்து எடுத்தால் அதுவே 18 கிலோவுக்குக் கீழே போய்விடுகிறது. கையை நீட்டினால் இன்னும் குறையும். ஆங்கிள் இரும்பை வெட்டி ஸ்டாண்டு வெல்டு செய்து காஸ்டிங்கை அதன் மேல் ஏற்றிவிட்டோம். பழைய இரும்பிலேயே வேலை முடிந்துவிட்டது. இப்போது சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு யாரும் நிற்பதில்லை.

நைட் ஷிப்டுதான் எனக்குப் பெரிய கவலை. விடியற்காலை மூணு, நாலு மணிக்கு உடம்புச் சூடே இறங்கிவிடும். கண் திறந்திருக்கும், கவனம் இருக்காது. சுற்றுகிற சக்குக்கு முன்னால் அந்த நேரத்தில் ஒருவரை நிறுத்துவது லேசான விஷயமா? டீயால் அதைச் சரிக்கட்ட முடியாது. பகலில் தூங்கலாம் என்றால் தகரக்கூரை வீட்டில் பத்து மணிக்கே அனல். இரவு வேலை அநேகமாகப் புற்றுநோய் வரவழைக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-இல் வகைப்படுத்தியது, 2019-இல் திரும்ப உறுதி செய்தது. வாரம் முழுக்க ஒருவருக்கே நைட் போடுவதை நிறுத்திவிட்டேன். தொடர்ந்து இரண்டு மூன்று இரவுக்கு மேல் கிடையாது, முடிந்ததும் முழு ஓய்வு. மெஷினை அளவுக்குச் சரிப்படுத்தும் கஷ்டமான செட்டிங் வேலையைப் பகலுக்கு மாற்றியாயிற்று.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. காலை எட்டரைக்கு வந்தவர்களை இரவு எட்டரைக்கு அனுப்பும் உங்கள் ஒன்றரை ஷிப்டு இருக்கும்வரை, டேபிளையும் ஸ்டூலையும் மாற்றுவது பாதி வைத்தியம்தான். அந்த அரை ஷிப்டுக் கூலி இல்லாமல் அவர்களுக்குக் குடும்பம் ஓடாது என்பாய். உண்மைதான். அப்படியானால் கூலியைத்தான் பேச வேண்டும். ஷிப்மெண்ட் நெருக்கடி இல்லாத வாரங்களிலாவது எட்டு மணி நேரத்தோடு விட்டு, பீஸ் எவ்வளவு வருகிறது, திருத்தத்துக்குத் திரும்பும் ஆல்ட்ரேஷன் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து எழுது.

அடுத்த தடவை வரும்போது டேபிள் உயரத்தையும், அதில் நிற்கிறவர்களின் முழங்கை உயரத்தையும் அளந்து கொண்டு வா. கால் வைக்கக் கம்பியோடு ஸ்டூலை இங்கேயே அடித்துக் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்