முதல் சந்திப்புக்கு ஏன் பணம் கேட்கிறேன்: வீடு கட்டப்போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

திருச்சியில் தனியாகத் தொழில் செய்யும் கட்டட வடிவமைப்பாளர் நான். வீட்டு முன்னறைதான் அலுவலகம். உதவிக்கு ஆள் கிடையாது. இந்த மாதம் முதல், பத்திரங்களோடு நீங்கள் என்னிடம் வரும் முதல் சந்திப்புக்கு 1,500 ரூபாய் வாங்குகிறேன். வேலையை என்னிடமே கொடுத்தால் அதை மொத்தக் கட்டணத்தில் கழித்துவிடுவேன். "பேசுறதுக்குக்கூடக் காசாம்மா?" என்று ஒரு பெரியவர் வருத்தத்தோடு கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். 1,200 சதுர அடி மனைக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தார்கள், இன்னும் கிரயம் ஆகவில்லை. வடக்குப் பார்த்த வாசல், இரண்டு படுக்கையறை, மாடிக்கு வெளிப்படி என்று எல்லாம் முடிவு செய்து வைத்திருந்தார்கள். நான் முதலில் காகிதங்களைக் கேட்டேன். பட்டா, புல வரைபடம், தாய்ப்பத்திரம் (மனையின் முந்தைய மூலப் பத்திரம்), வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் படிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் இல்லை, வரன்முறையும் (அங்கீகாரமில்லாத மனையை அரசு பிறகு முறைப்படுத்துவது) செய்யவில்லை. 2017இல் வந்த வரன்முறை விதிகள் 20.10.2016 என்ற தேதியை எல்லைக் கோடாக வைத்திருக்கின்றன. இந்த மனைப்பிரிவில் விற்பனை தொடங்கியதே அதற்குப் பிறகுதான். "இதை வாங்காதீர்கள், கட்டட அனுமதி கிடைக்காது" என்றேன். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அட்வான்ஸைப் போராடித் திரும்ப வாங்கினார்கள் என்று பிறகு தெரிந்தது.

அன்று நான் ஒரு கோடுகூட வரையவில்லை. ஆனால் என் தொழிலில் அதைவிடப் பயனுள்ள வேலையை நான் அதிகம் செய்ததில்லை. பிளான் போட்டால்தான் எனக்கு வருமானம் என்றால், "வேண்டாம்" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் என் அடுப்பில் நானே தண்ணீர் ஊற்றுகிறேன். நேர்மையாகச் சொன்னதற்காக நஷ்டப்படுகிற நிலையில் உங்களுக்கு ஆலோசனை சொல்பவர் இருக்கக் கூடாது. இது என்னைவிட உங்களுக்குத்தான் முக்கியம்.

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்த பிறகு முதல் சந்திப்பின் முக்கியத்துவம் இன்னும் கூடிவிட்டது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. நல்ல திட்டம், மனதார வரவேற்கிறேன். ஆனால் மனை அளவும் சாலை அகலமும் செட்பேக்கும் (கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய காலி இடம்) சரி என்று உறுதி சொல்வது இப்போது நீங்கள். பத்திரத்தில் 30 அடி, தரையில் அளந்தால் 28 அடி என்பது நான் அடிக்கடி பார்க்கும் விஷயம். அந்த இரண்டு அடி முதல் சந்திப்பிலேயே தெரிந்தாக வேண்டும்.

வாஸ்து பார்க்க வருபவருக்கு வெற்றிலை பாக்கோடு தட்டில் பணம் வைக்கிறோம். வக்கீலிடம் பத்திரம் காட்டினால் ஃபீஸ் கொடுக்கிறோம். எங்களிடம் மட்டும் "சும்மா ஒரு ரஃப் ஸ்கெட்ச்" கேட்கிறோம். அந்த ஸ்கெட்ச் மேஸ்திரி கையில் வீடாகவும் எழுந்துவிடுகிறது. இதில் எங்கள் தவறும் உண்டு. வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்து, கேட்டதும் வரைந்து கொடுத்துப் பழக்கியது நாங்கள்தான்.

போனில் பத்து நிமிடம் பேச எப்போதும் காசில்லை. என்ன கட்ட நினைக்கிறீர்கள், எவ்வளவு பட்ஜெட், எனக்கும் உங்களுக்கும் ஒத்துவருமா என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் அரசு தரும் 3.5 லட்சத்தை நம்பிக் கட்டுபவர்களிடம் சந்திப்புக்கும் எதுவும் வாங்க மாட்டேன். அவர்களுக்கு ஒவ்வொரு மூட்டை சிமென்ட்டும் கணக்கு.

மற்றவர்கள் வரும்போது பிடித்த வீட்டின் படங்களை எடுத்து வாருங்கள், பார்க்க ஆசைதான். அதோடு தாய்ப்பத்திரத்தின் நகலும் இருக்கட்டும். முதலில் அதைப் படிப்போம்.

அன்புடன்,
உங்கள் ஊர்க் கட்டட வடிவமைப்பாளர்