செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: கர்ணி சிங்கைப் படித்த ஆண்டு

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, மூத்த உறுப்பினர்களே, இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்திருக்கும் மாணவ உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

புதுக்கோட்டையில் இயங்கிவரும் நமது விளையாட்டு வரலாற்று வட்டத்தின் ஆண்டறிக்கையைப் பேரவையின் முன் வைக்கிறேன். நிர்வாகச் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. சந்தா பெரும்பாலும் வந்துவிட்டது. பாக்கி உள்ளவர்கள் கூட்டம் கலைவதற்குள் பொருளாளரைப் பார்க்கவும். தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கை அவர் தனியே வாசிப்பார். மழையால் தள்ளிப்போன பள்ளி வினாடி வினாவும் நல்லபடியாக நடந்து முடிந்தது.

ஆண்டுக்கு ஒருவரை எடுத்துக்கொண்டு மாதக் கூட்டங்களில் விரிவாகப் படிப்பது நம் வழக்கம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் ஊர் மன்னர் பரம்பரையான தொண்டைமான் குடும்பத்துப் பிரித்விராஜ், பறக்கும் களிமண் தட்டைச் சுடும் ட்ராப் பிரிவில் துப்பாக்கி ஏந்தி நின்றதை இங்குள்ள பலரும் இரவு பகல் பாராமல் பார்த்தோம். இறுதிச் சுற்றுக்கு அவரால் வர முடியவில்லை. ஆனாலும் 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ட்ராப் அணிக்கான தங்கத்தை வென்ற மூவரில் அவரும் ஒருவர். அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அரச குடும்பத்திலிருந்து வந்து இந்த விளையாட்டை இந்தியாவில் ஊன்றியவர் யார் என்று ஒரு மாணவர் கேட்டார். அந்தக் கேள்வியே இந்த ஆண்டின் பாடமாயிற்று. ராஜஸ்தானின் பிக்கானிர் அரச குடும்பத்துக் கர்ணி சிங்கை எடுத்துக்கொண்டோம்.

1924 ஏப்ரலில் பிறந்தவர். பிக்கானிர் அரச குலத்தின் காவல் தெய்வம் கர்ணி மாதா. பெயர் அங்கிருந்து வந்தது. பாட்டனார் கங்கா சிங், முதல் உலகப் போருக்குப் பின் வெர்சாய் உடன்படிக்கையில் இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர்; 1927இல் பாலைவனத்துக்குக் கால்வாய் கொண்டுவந்தவர். கஜ்னேர் ஏரிக்கரையில் அவர் நடத்திய கல்கௌதாரி வேட்டைக்கு வைஸ்ராய்கள் ஆசையோடு வந்தார்கள். தந்தை சாதுல் சிங், 1947இல் இந்தியாவோடு இணைய முதலில் முன்வந்த மன்னர்களில் ஒருவர். 1950இல் அவர் மறைந்தபோது கர்ணி சிங்குக்கு 26 வயது. பட்டம் கிடைத்தது, ஆள நாடில்லை.

அந்த நிலையில் பல மன்னர்கள் அரண்மனைக்குள் ஒதுங்கிவிட்டார்கள். இவரோ நாட்டின் முதல் பொதுத் தேர்தலிலேயே சுயேச்சையாக நின்று 1952இல் மக்களவைக்குப் போனார். பிறகு 1957, 1962, 1967, 1971 என்று எல்லாத் தேர்தலிலும் சுயேச்சையாகவே வென்றார். ஐந்து மக்களவைகள், 25 ஆண்டுகள். ராஜ விசுவாசத்தில் விழுந்த வாக்குகள் என்று நம் கூட்டத்தில் ஒரு மூத்த உறுப்பினர் வாதிட்டார். முதல் தேர்தலுக்கு அது பொருந்தும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இந்திரா காந்தியின் அலை நாட்டையே வாரிக்கொண்டு போன 1971இல், முன்னாள் மன்னர்களுக்கு அரசு ஆண்டுதோறும் கொடுத்துவந்த மன்னர் மானியத்தின் ஒழிப்பே தேர்தல் பேச்சாக இருந்த வேளையில், கட்சியின் துணையில்லாத ஒரு முன்னாள் மன்னர் வென்றார் என்றால் விசுவாசம் மட்டும் போதுமா? தொகுதிக்காரர்கள் அவரைத் தங்கள் ஆளாகக் கண்டார்கள் என்றே நான் கருதுகிறேன். ராஜஸ்தானி மொழியை அரசியலமைப்பின் மொழிப் பட்டியலான எட்டாவது அட்டவணையில் சேர்க்க வேண்டும் என்று அவர் குரல் கொடுத்தார். அந்த மொழி இன்னும் அதில் ஏறவில்லை. மொழிக்காகப் பேசியவர் என்பதால் இந்தப் பகுதியைக் கூட்டத்தில் மறுபடியும் வாசிக்கச் சொன்னார்கள்.

1971 முடிவதற்குள் அரசியலமைப்பின் 26ஆவது திருத்தம் மானியத்தையும் பட்டத்தையும் எடுத்துவிட்டது. அவர் துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை.

ட்ராப் என்றால் என்ன என்பதை மாணவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். தரைக்குள் மறைத்த பள்ளத்திலிருந்து எந்திரம் களிமண் தட்டை வீசும். தட்டின் விட்டம் 11 சென்டிமீட்டர். சுடுபவர் 15 மீட்டர் பின்னால் நிற்பார். தட்டு மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் விலகிப் பறக்கும். இடமா, வலமா, நேரா என்று முன்கூட்டித் தெரியாது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிரிட்டனின் பிரெய்த்வெய்ட் 200 தட்டுகளில் 198ஐ உடைத்தார். நான்கைந்து தட்டுகள் தப்பினாலே பதக்கம் கைநழுவிப்போகும் போட்டி இது. அங்கே கர்ணி சிங் 10ஆம் இடம். அதற்கு முன் 1960 ரோமில் 8ஆம் இடம்.

அவருடைய சிகரம் 1962 கெய்ரோ. உலக சாம்பியன் போட்டியில் முதலிடத்தில் சமன் செய்து, சமன் முறிக்கும் சுற்றில் தோற்று, வெள்ளியோடு திரும்பினார். உலகத் துப்பாக்கி சுடுதலில் இந்தியாவின் முதல் பதக்கம் அது. அதற்கு முந்திய ஆண்டே, அர்ஜுனா விருது தொடங்கிய 1961லேயே, அதைப் பெற்றிருந்தார். 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் சுட்டார். அதே ஆண்டு பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். 1465 முதல் 1949 வரை பிக்கானிர் அரச குலத்துக்கும் மைய அரசுகளுக்கும் இருந்த உறவே ஆய்வுப் பொருள். இத்தனையும் மக்களவை உறுப்பினராக இருந்துகொண்டே!

1972 மியூனிக் ஒலிம்பிக், 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெள்ளி, 56 வயதில் 1980 மாஸ்கோ ஒலிம்பிக். ஐந்து ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட முதல் இந்தியர் அவர்தான். மகள் ராஜ்யஸ்ரீ குமாரியும் துப்பாக்கி சுடுதலில் அர்ஜுனா விருது பெற்றவர். பாட்டியாலா அரச குடும்பத்து ரந்தீர் சிங் 1978 பாங்காக்கில் ஆசியத் தங்கம் வென்றார். கர்ணி சிங் 1988இல் மறைந்தார். டெல்லி துக்ளகாபாதில் 1982 ஆசிய விளையாட்டுக்காக அமைந்த சுடுதளம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பிக்கானிர், பாட்டியாலா, புதுக்கோட்டை என்று அரண்மனைப் பெயர்களாகவே வருவது எனக்கு உறுத்தலாக இருந்தது என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். தோட்டா விலை, துப்பாக்கி விலை, உரிமம் எல்லாம் சேர்ந்து இந்த விளையாட்டை வசதியானவர்களிடமே நீண்ட காலம் வைத்திருந்தன. கர்ணி சிங்கின் உழைப்பு அதனால் குறைந்துவிடாது. வேட்டைக்காகத் துப்பாக்கி பழகும் குலத்தில் பிறந்தவர், உயிரில்லாத தட்டுகளை நோக்கி வாழ்நாளெல்லாம் பயிற்சி செய்தார். ஆனால் அதே திறமை நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடமும் இருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். காற்றழுத்தத்தால் சுடும் ஏர் ரைபிளுக்கு அவ்வளவு செலவில்லை. 10 மீட்டர் இடம் போதும்.

ஆகவே, நம் ஊரில் பள்ளி மாணவர்களுக்கு ஏர் ரைபிள் பயிற்சிக் கூடம் அமைக்கக் கோரி மாவட்ட விளையாட்டு அலுவலருக்கு மனு அளிக்கும் தீர்மானத்தைச் செயற்குழு பரிந்துரைக்கிறது. தலைவர் அனுமதித்தால் இன்றே வாக்கெடுப்புக்கு விடலாம். கூட்டங்களுக்கு இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், ஒவ்வொரு மாதமும் நாற்காலி எடுத்துப்போட்ட இளைஞர்களுக்கும் நன்றி.

இவ்வறிக்கையை ஏற்குமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்