சீக்கிரம் வயசாகட்டும்

ரங்கூன்

அடேய் மாப்பிள்ளை,

இங்கே எல்லோரும் சுகம். உன் முழங்கால் புராணம் மூன்று பக்கமும் படித்தேன். என்னிடம் மருந்து இல்லை, எனக்கும் அதே முழங்கால்தான்.

சேதி வேறு. தடிஞ்சூட் விளக்குப் பண்டிகைக்கு மாடி வீட்டுப் பர்மாக்காரப் பிள்ளைகள் பழத்தட்டோடு வந்து, "அபா (பெரியவரே), உட்காருங்கள்" என்று என்னைப் பாயில் இருத்தி, நெற்றி தரையில் பட மூன்று தரம் கும்பிட்டார்கள். என்னை! பெகு ரயிலில் நாம் அடித்த கூத்து தெரிந்திருந்தால் மாடிப்படியே இறங்கியிருக்க மாட்டார்கள்.

இந்த ஊர்தான் உனக்குத் தெரியுமே. புத்தர், தர்மம், சங்கம், பெற்றோர், ஆசிரியர் என்று ஐந்தையும் ஒரே வரிசையில் வைத்துக் கும்பிடுவார்கள். அந்த வரிசையின் வாலில் தெருவிலுள்ள நரைத்த தலையெல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா வந்தால் சீயக்காய் போட்டுத் தலைகூடக் கழுவிவிடுவார்கள். (என் தலையில் கழுவ என்ன இருக்கிறது என்று இளிக்காதே.) மரியாதைக்குக் குறைவில்லை. புத்தி? நாட்டை ஆண்ட ஜெனரல் நே வின்னை நினைத்துப் பார். 1985-இல் 75 கியாட் நோட்டு, அவருடைய 75-ஆவது பிறந்த நாளுக்கென்றே அடித்தது என்று பேச்சு. 1987 செப்டம்பரில் அதையே செல்லாது என்றார். பிறகு ஒன்பதுதான் ராசி என்று 45-உம் 90-உம் வந்தன. தங்கச்சி கல்யாணத்துக்குச் சேர்த்த நோட்டுக் கட்டை உன் அப்பா ராத்திரி முழுக்க எண்ணிக்கொண்டிருந்தாரே. கிழவனுக்கு வந்த ஞானம் அவ்வளவுதான்.

அதை விடு. எனக்குத் தூக்கம் போனது அந்த மாடி வீட்டு மூத்த பையனால். வயசு 34. "நூறாண்டு நன்றாயிரு" என்றேன். அவன் எழுந்திருக்கவில்லை. "சீக்கிரம் வயசாகட்டும் என்று சொல்லுங்கள், அபா" என்றான். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் அல்லவா, ஆண்களுக்கு 18 முதல் 35 வரை. ராத்திரி தெருமுனையில் வண்டி நின்றால் அவன் அம்மா விளக்கை அணைத்துவிடுகிறாள். நாம் மை பூசி ஐந்து வயசைக் குறைத்துச் சொல்லித் திரிந்தோம். இவன் நரை எப்போது வரும் என்று கண்ணாடி பார்க்கிறான். என் வாயில் ஒரு சொல் வரவில்லையடா. கையில் கொஞ்சம் பணத்தைத் திணித்து அனுப்பினேன்.

ஏப்ரலில் மறுபடி வருவான். அதற்குள் ஏதாவது தோன்றினால் எழுது. கணக்கு வாத்தியாரின் பழமொழி மட்டும் வேண்டாம்.

உன்
ஓட்டைச் சைக்கிள்